பறக்கப் போன கார் எஞ்சின்

கார் எஞ்சின் ஒன்றைப் பறக்க வைக்கப் போவதாக மாமா சொன்ன அன்று எங்கள் வீட்டில் பாரை மீன் குழம்பு. அப்பா முள்ளை எடுத்துச் சோற்றுக் கோப்பையின் ஓரத்தில் வைத்துவிட்டு, "காரோடயோ, கார் இல்லாமலோ?" என்று கேட்டார்.

"எஞ்சின் மட்டும், மச்சான்."

"அப்ப சரி," என்று அப்பா அடுத்த துண்டை எடுத்துக்கொண்டார். கடலுக்குப் போகிறவர்களுக்கு எதற்கும் எளிதில் வியப்பு வராது.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. கட்டாரில் ஏழு வருடம் ஒரு கராஜில் வேலை செய்துவிட்டு வந்தவர். அங்கே அவருடைய முதலாளிக்கு வெள்ளிக்கிழமைகளில் பாலைவனத்துக்கு மேலே பறக்கும் பழக்கம் இருந்ததாம். இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய, துணிச் சிறகு வைத்த, சைக்கிளுக்குச் சிறகு முளைத்தது போன்ற குட்டி விமானம். அதன் எஞ்சினைப் பார்த்துக்கொண்டது மாமாதான். அந்த முதலாளிக்குத் தெரிந்த ஒரு பல் டொக்டர் புத்தளப் பக்கம் இருந்தார். அவரிடமும் அப்படி ஒரு விமானம் இருந்தது. அதன் எஞ்சின் எரிந்துபோய், வெளிநாட்டிலிருந்து புதிது எடுக்க வழியில்லாமல், விமானம் தென்னந்தோட்டத்துக் கொட்டிலில் கோழிகளோடு நின்றது. சின்னக் கார் ஒன்றின் எஞ்சினை அதற்குப் பொருத்தித் தருகிறேன் என்று மாமா தொலைபேசியில் வாக்குக் கொடுத்துவிட்டார். வாக்குக் கொடுத்த பிறகுதான் எங்களுக்குச் சொன்னார். அவர் எல்லாவற்றையும் அந்த வரிசையில்தான் செய்வார்.

எங்கள் ஊர் முல்லைத்தீவுக் கரையில், ஒரு பக்கம் கடலும் மறு பக்கம் உப்புநீர்க் களப்புமாக இருந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது, தங்கச்சிக்கு நாலு. சண்டை முடிந்தபோது நான் நடக்கப் பழகிக்கொண்டிருந்தேனாம். குண்டு போட வந்த விமானங்களோ, ஓடிப்போய்க் குதித்த பதுங்கு குழிகளோ எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை. தங்கச்சியோ எல்லாம் முடிந்து, அகதி முகாமிலிருந்து திரும்பி வந்து, கல்வீடு கிடைத்த பிறகு பிறந்தவள்.

எஞ்சின் நெளுக்குளத்திலிருந்து வந்தது. பின்னால் லொறி இடித்துச் சப்பளிந்த ஒரு சின்னக் காருடையது. முன்பக்கத்தில் ஒரு கீறலும் இல்லை. மூன்று சிலிண்டர். மாமா அதை மாமரத்துக்குக் கீழே ஒரு இரும்புச் சட்டத்தில் ஏற்றி வைத்து, முதலில் அதிலிருந்து கழற்றத் தொடங்கினார். கியர்ப் பெட்டி போனது. கிளச் போனது. எஞ்சினோடு சுற்றும் பாரமான இரும்புச் சில்லை வவுனியாவில் கடைசல் பட்டறையில் கொடுத்துப் பாதியாய்ச் சீவிக்கொண்டு வந்தார். கழற்றிய ஒவ்வொன்றையும் அப்பாவின் மீன் தராசில் தொங்கவிட்டுப் பார்த்தார். கிலோ குறையக் குறைய அவருடைய முகம் மலர்ந்தது.

"இது ஓடப் பிறந்த எஞ்சின்," என்று எங்களுக்கு விளக்கினார். "பறக்கப் பிறந்ததில்லை. நாங்கள்தான் அதுக்குப் புத்தி சொல்லவேணும்."

அவர் சொன்ன புத்திகள் எனக்கு இன்றும் மனப்பாடம். கார் எஞ்சின் தன் பலத்தைக் காட்டவேண்டுமென்றால் நிமிடத்துக்கு ஐயாயிரம் சுற்றுக்கு மேல் சுற்றவேண்டும். விமானத்தின் விசிறியோ அதில் பாதிக்கும் குறைவாகத்தான் சுற்றவேண்டும். கூடினால் காற்றை இழுக்காமல் வெறுமனே கத்தும். ஆகவே இரண்டுக்கும் நடுவில் சின்னச் சில்லு ஒன்று, பெரிய சில்லு ஒன்று, இரண்டையும் கோர்க்கப் பல் வைத்த பெல்ட் ஒன்று. தீப்பொறி கொடுக்கும் மின்சுற்றையும் அவர் இரட்டையாக்கினார். ஏன் என்று அப்பா கேட்டார்.

"கார் எண்டால் றோட்டோரமா நிப்பாட்டலாம், மச்சான். மேல எங்க நிப்பாட்டுறது?"

கடலில் இரண்டு தடவை எஞ்சின் நின்றுபோய் அலைந்தவர் அப்பா. அதற்குப் பிறகு அவர் மாமாவைக் கேள்வி கேட்கவில்லை. மாலையில் வலையை உலர்த்திவிட்டு வந்து, தானாகவே நட்டு இறுக்கும் சாவியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

விசிறி புத்தளத்திலிருந்து கம்பளியில் சுற்றப்பட்டு வந்தது. மரத்தில் செய்தது, வாணிஷ் பூசியது, என்னை விட நீளம். அதைப் பார்த்தபோதுதான் அம்மா முதன்முதலாகக் குசினிக்கு வெளியே வந்து மாமரத்தடியில் நின்றார்.

"தம்பி, சத்தம் வருமோ?"

"வரும், அக்கா."

"எப்பிடிச் சத்தம்?"

மாமா துணியால் கையைத் துடைத்தார். "அந்த மாதிரித்தான். ஆனால் சின்னது."

"அப்ப ஊருக்குச் சொல்லிப்போட்டு விடு. ஒரு வீடு மிச்சமில்லாமல் சொல்லவேணும்."

மாமா முறையாகத்தான் செய்தார். பல் டொக்டர் அனுப்பிய அனுமதிக் கடிதத்தைப் பிரதி எடுத்துப் பொலிசில் ஒன்று, இராணுவ முகாமில் ஒன்று கொடுத்தார். தேவாலயத்தில் ஞாயிறு பூசை முடிய, சனிக்கிழமை பத்து மணிக்கு ஒரு எஞ்சின் ஓட்டிப் பார்க்கப்படும், ஒருவரும் பயப்படத் தேவையில்லை என்று சுவாமியார் அறிவித்தார். அதுவும் போதாதென்று, சனிக்கிழமை காலையில் ஒழுங்கை ஒழுங்கையாகப் போய் இன்னொரு தடவை நினைவூட்டும் பொறுப்பை அம்மா எனக்குக் கொடுத்தார்.

நான் அந்தப் பொறுப்பைப் பெருமையோடு ஏற்றேன். முதல் ஒழுங்கையில் ஒவ்வொரு வீட்டிலும் நின்று, எஞ்சின், பெல்ட், இரட்டைத் தீப்பொறி எல்லாவற்றையும் விளக்கினேன். இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவது ஒழுங்கை முடியும்போது நேரம் பத்தாகிவிட்டது என்று ஒரு வீட்டு வானொலி சொன்னது. களப்புப் பக்கமாக இருந்த கடைசி ஒழுங்கையில் இன்னும் நாலு வீடுகள். நான் அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தேன். பிறகு திரும்பி எங்கள் வீட்டுக்கு ஓடினேன். என்னை விட்டுவிட்டு ஓட்டிவிடுவார்கள் என்ற பயம்.

"எல்லாருக்கும் சொன்னியோ?" என்று அம்மா கேட்டார்.

"ஓம்," என்றேன்.

எஞ்சின் சட்டத்தை நாலு சில்லு வைத்த தள்ளுவண்டியில் பூட்டி, வண்டியின் பின்பக்கத்தைப் பனை மரத்தோடு கட்டியிருந்தார்கள். கயிற்றுக்கு நடுவில், மீன் வாடியில் சுறா நிறுக்கும் பெரிய தராசு. விசிறி வண்டியை எவ்வளவு பலமாக இழுக்கிறது என்று தராசு காட்டும். நூற்றிருபது கிலோ காட்டினால் இரண்டு பேரைத் தூக்கும் என்பது மாமாவின் கணக்கு. வேடிக்கை பார்க்க முப்பது, நாற்பது பேர் வந்திருந்தார்கள். மாமா எல்லாரையும் வேலிப்பக்கம் விலக்கி நிறுத்தினார்.

முதல் தடவையே பிடித்துக்கொண்டது. விசிறி ஒரு வட்டமாகி, பிறகு ஒன்றுமில்லாததாகி மறைந்தது. பின்னால் மணல் சீறிக்கொண்டு போனது. எங்கள் சேவல் ஒன்று நடந்த திசைக்கு எதிர்த் திசையில் போய்ச் சேர்ந்தது. மாமா மெல்ல மெல்ல வேகத்தைக் கூட்ட, கயிறு விறைத்து, பனை மரமே முனகியது. சத்தம் காதால் மட்டுமல்ல, காலடி மண்ணாலும் வந்தது. நான் தராசையே பார்த்துக்கொண்டிருந்தேன். எண்பது. நூறு. நூற்றுப் பத்து. முள் நூற்றிருபதைத் தொட்டுத் தாண்டியது.

"தாண்டீட்டுது, அம்மா!" என்று கத்திக்கொண்டு திரும்பினேன்.

அம்மா நிற்கவில்லை. வாசற்படிக்குப் பக்கத்தில் முகம் மண்ணில் பதியக் குப்புறக் கிடந்தார். அவருக்குக் கீழே தங்கச்சியின் இரண்டு கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. வேலிப்பக்கம் பார்த்தேன். சிறுவர்கள் மட்டும் நின்றார்கள். பெரியவர்களில் முக்கால்வாசிப் பேர் நிலத்தில் இருந்தார்கள். சிலர் குந்திக்கொண்டு, சிலர் காதைப் பொத்திக்கொண்டு. சுவாமியாரின் அறிவித்தலைக் கேட்டவர்கள், நான் விளக்கியவர்கள், பார்ப்பதற்கென்றே வந்தவர்கள். என்ன நடக்கப் போகிறதென்று தெரிந்தவர்கள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பெரியவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் தடுக்கி விழுந்தது போல இருந்தது. நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

மாமா எஞ்சினை நிறுத்தினார். அம்மா எழுந்து, தங்கச்சியின் சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, ஒருவர் முகத்தையும் பாராமல் குசினிக்குள் போனார். மற்றவர்களும் ஏதோ தேடக் குனிந்தவர்கள் போல எழுந்து சாரத்தைச் சரிசெய்தார்கள். அந்த அமைதியில்தான் களப்புப் பக்கத்திலிருந்து ஒரு பிள்ளையின் அழுகை கேட்டது.

கடைசி ஒழுங்கையில் கருவாட்டு அக்கா இருந்தார். கணவன் இல்லாதவர். கரையில் கருவாடு போட்டு மகனை வளர்த்தவர். மகனுக்குக் காய்ச்சல் என்று அந்த ஞாயிறு அவர் பூசைக்கு வரவில்லை. அவர் வளவில் மலசலகூடத்துக்கு வெட்டிய புதுக் குழி ஒன்று, ஓர் ஆள் ஆழம் இருக்கும், திறந்தபடி இருந்தது. சத்தம் கேட்டதும் மகனைத் தூக்கி உள்ளே இறக்கிவிட்டுத் தானும் குதித்திருக்கிறார். மகன் மணலில் விழுந்தான், ஒன்றுமில்லை. அவருடைய கணுக்கால் முறிந்துவிட்டது. அப்பாவும் மாமாவும்தான் தூக்கி எடுத்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் அவர், "போயிட்டுதோ? போயிட்டுதோ?" என்று மட்டும் கேட்டாராம்.

பின்னேரம் முகாமிலிருந்து இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் வந்து கடிதத்தை வாசித்தார்கள். எஞ்சினைப் படம் எடுத்தார்கள். ஒருவர் போகும்போது, லீற்றருக்கு எவ்வளவு ஓடும் என்று கேட்டார். வேறு நாளென்றால் மாமா ஒரு மணி நேரம் விளக்கியிருப்பார். அன்று, "தெரியாது" என்றார். அவர்கள் போன பிறகு பெல்ட்டைக் கழற்றி, எஞ்சினைத் தறப்பாளால் மூடிக் கட்டினார்.

"டொக்டருக்குச் சொல்லிப்போடுறன், அக்கா. எனக்கு இது வேண்டாம்."

மூன்று நாள் தறப்பாள் திறக்கவில்லை. மூன்று நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் அம்மா எனக்குத் தலை இழுத்துக்கொண்டிருந்தபோது, முகம் பார்க்கத் தேவையில்லாத அந்த வசதியில், உண்மையைச் சொன்னேன். கடைசி ஒழுங்கைக்கு நான் போகவில்லை. சீப்பு நடுத் தலையில் நின்றது. அடி விழும் என்று கண்ணை மூடினேன். அம்மா பின்னலை முடித்து, றிபன் கட்டி, என் கையைப் பிடித்து, நேரே கருவாட்டு அக்கா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"சொல்லு," என்றார் வாசலில்.

நான் சொன்னேன். கருவாட்டு அக்கா மாக்கட்டுப் போட்ட காலைக் கதிரையில் நீட்டி வைத்திருந்தார். நான் அழுது முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ வந்து சொல்லியிருந்தாலும் இதுதான் பிள்ளை நடந்திருக்கும்," என்றார். "நானெங்க குதிச்சனான்? என்ர காலெல்லோ குதிச்சது."

அம்மா சிரித்தார். கருவாட்டு அக்காவும் சிரித்தார். இரண்டு பேரும் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார்கள். பிறகு அம்மா சொன்னார், "நானும்தான். தெரிஞ்சுகொண்டு நிண்ட நான். பிள்ளையை அமத்திக்கொண்டு கிடக்கிறன்."

கருவாட்டு அக்கா கேட்டார், "அந்தச் சாமானை எனக்கு ஒருக்காக் காட்டுவீங்களோ?"

அடுத்த சனிக்கிழமை இரண்டு பேர் அவரைக் கதிரையோடு தூக்கி வந்து எஞ்சினுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். மாமாவுக்கு மனமில்லை. அம்மா விடவில்லை. "அவாட்டக் கொடு, தம்பி. எங்க அமத்தினால் ஓடும், எங்க அமத்தினால் நிக்கும் எண்டு காட்டு. நிப்பாட்டுற பொத்தானை முதல் காட்டு."

கருவாட்டு அக்கா சிலுவை போட்டுக்கொண்டு பொத்தானை அமத்தினார். எஞ்சின் பிடித்ததோ இல்லையோ, மற்றப் பொத்தானை அமத்திவிட்டார். இரண்டாம் தடவை பத்து எண்ணும்வரை விட்டார். மூன்றாம் தடவை அம்மா பின்னால் நின்று அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டார். அம்மாவின் விரல்கள் வெளுத்திருந்ததைக் கண்டேன். நாலாம் தடவை வேலிப்பக்கம் நின்ற இன்னொரு பெண் வந்து, "எனக்கும் தாங்கோ," என்றார். அதற்குப் பிறகு வரிசை. வயது போனவர்கள், பிள்ளைத்தாய்ச்சி ஒருவர், சுவாமியார்கூட ஒரு தடவை. எல்லாரும் ஓட்டினார்கள், எல்லாரும் நிறுத்தினார்கள். ஓட்டியதை விட நிறுத்தியபோதுதான் ஒவ்வொருவர் முகத்திலும் வெளிச்சம். ஒரு கலன் பெற்றோல் போய்விட்டது என்று மாமா முணுமுணுத்தார். கடைசியில் கருவாட்டு அக்கா மறுபடி பொத்தானைக் கேட்டு வாங்கி, முழு வேகத்தில் ஓடவிட்டு, அந்த இரைச்சலுக்கு மேலாக, "இவ்வளவுந்தானோ!" என்று கத்தினார். அப்போது ஒருவரும் நிலத்தில் இல்லை.

ஒரு மாதம் கழித்து எஞ்சினைப் பட்டா என்று எங்கள் பக்கம் சொல்லும் சின்ன லொறியில் ஏற்றிக்கொண்டு புத்தளம் போனோம். மாமா, அப்பா, அம்மா, நான். தங்கச்சி கருவாட்டு அக்காவோடு நின்றாள். தென்னந்தோட்டத்துக்கும் உப்பளத்துக்கும் நடுவே நீளமான புல்வெளி. பல் டொக்டர் மெலிந்த மனிதர். தமிழும் சிங்களமும் கலந்து கதைத்தார். கதைக்கும்போது எங்கள் பற்களைக் கவனித்தார். எஞ்சினைப் பூட்டி முடிக்க இரண்டு நாள் எடுத்தது. மூன்றாம் நாள் காலை அவர் தனியாக ஏறி, புல்லில் ஓடி, எங்களுக்கு முன்னாலேயே மண்ணை விட்டு எழும்பினார். மாமா அதைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு எஞ்சினின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். அது ஒரு தடவைகூட இருமவில்லை. டொக்டர் இறங்கி வந்து மாமாவைக் கட்டிப்பிடித்தார். பிறகு மாமாவை ஏற்றிக்கொண்டு போனார். மாமா திரும்பி வந்தபோது அரை அடி வளர்ந்திருந்தார்.

அடுத்து என்னைத்தான் ஏற்றுவார்கள் என்று நான் செருப்பைக் கழற்றி வைத்துக்கொண்டு தயாராக நின்றேன்.

"நான் ஏறுறன்," என்றார் அம்மா.

"உமக்கென்ன விசரே?" என்றார் அப்பா.

"விசரில்லை. பாக்கவேணும்."

சேலையை இறுக்கிச் செருகி, தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு, அம்மா ஏறினார். கால் மணி நேரம் எங்கள் தலைக்கு மேலும் உப்பளத்துக்கு மேலும் சுற்றினார்கள். நான் புல்வெளி நடுவில் நின்று இரண்டு கையையும் ஆட்டினேன். இறங்கி வந்ததும் மாமா ஓடிப்போய், "எப்பிடியக்கா? எஞ்சின் எப்பிடி?" என்றார்.

அம்மா தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு டொக்டரிடம் கேட்டார், "எவ்வளவு உயரம் போனனாங்கள், டொக்டர்?"

"ஆயிரம் அடி இருக்கும்."

அம்மா தலையாட்டினார். பிறகு மாமாவைப் பார்த்து, மெதுவாகச் சொன்னார்.

"எல்லாம் தெரியுதடா, தம்பி. உப்பளத்தில நிண்ட பொம்பிளையள் தெரியுது. அவையின்ர கையில கூடை தெரியுது. ஒரு தாய் பிள்ளையை இடுப்பில வச்சுக்கொண்டு போறது தெரியுது. மேலயிருந்து பாத்தால் ஆக்கள் எண்டு நல்லாத் தெரியுது."

மாமா கையைத் துடைத்துக்கொண்டிருந்த துணி அப்படியே நின்றது. அப்பா கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். டொக்டர் தன் சப்பாத்தைப் பார்த்தார்.

"நான் கையாட்டினதும் தெரிஞ்சதோ, அம்மா?" என்று கேட்டேன்.

"தெரிஞ்சது, பிள்ளை. நீதான் எண்டு தெரிஞ்சது," என்று சொல்லி, என்னை இழுத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டார். திரும்பி வரும் வழியெல்லாம் ஒருவரும் அதிகம் பேசவில்லை. களைப்பு என்று நினைத்தேன். எஞ்சின் ஓடிவிட்டதே, பிறகென்ன கவலை?

திங்கட்கிழமை தமிழ்ப் பாடத்தில் 'நான் ஒரு பறவையானால்' என்று கட்டுரை. ரீச்சர் எங்கள் ஊர்தான், சண்டை முடியும்வரை இங்கேயே இருந்தவர். 'மேலிருந்து பார்க்கும்போது மனிதர்கள் எறும்புகளைப் போலத் தெரிவார்கள்' என்று மாதிரிக்கு ஒரு வசனம் கரும்பலகையில் எழுதினார். நான் கையை உயர்த்தி எழுந்தேன்.

"அது பிழை, ரீச்சர். என்ர அம்மா பிளேனில போய்ப் பாத்தவா. எறும்பு மாதிரி இல்லையாம். கையில கூடை இருக்கிறதும் தெரியுமாம். இடுப்பில இருக்கிற பிள்ளைகூடத் தெரியுமாம்."

வகுப்பு முழுவதும் என்னைப் பொறாமையோடு பார்த்தது. ரீச்சர் சுண்ணக்கட்டியைப் பிடித்தபடி நின்றார். பிறகு அந்த வசனத்தைக் கையாலேயே அழித்துவிட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பாட நேரம் முடியும்வரை யன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாவம், ரீச்சர் ஒரு நாளும் பறந்ததில்லை, அதுதான் கோபம் என்று எனக்குள் தீர்மானித்துக்கொண்டு, மிகுந்த திருப்தியோடு நான் உட்கார்ந்தேன்.